அரிவாள்மனையா, இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா, பீங்கானா: எந்தக் கத்தி யாருக்கு?

தங்கை மகள் சென்னையில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். குக்கர், மிக்ஸி, அடுப்பு எல்லாம் அவளே பார்த்து வாங்கிவிட்டாள். கத்தியில்தான் மாட்டிக்கொண்டாள். ஒரே நாளில் ஏழு படம் அனுப்பி, "மாமா, இதுல எது நல்லது?" என்று கேட்டாள். ஒன்று பச்சை நிறப் பீங்கான் கத்தி. ஒன்று மரக்கட்டையில் ஆறு கத்தி செருகிய செட். இன்னொன்று அலகு முழுக்க அலையலையாக வரி ஓடிய 'டமாஸ்கஸ்'. நடுவில் அவள் பாட்டி, அதாவது என் அம்மா, குரல் செய்தி அனுப்பினார்: "காசைக் கரியாக்காத. பரண் மேல அருவாமனை ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துட்டுப் போ."

எனக்குக் கத்தி தீட்டுவதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அது உறவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து நம்பிக்கைகளோடு வருவார்கள். கூர் அதிகமானால் ஆபத்து, காந்தம் ஒட்டினால் போலி, பீங்கானுக்குக் கூரே போகாது, விலை கூடிய கத்தியைத் தீட்ட வேண்டியதில்லை. ஒன்றுகூட அப்படியே சரியில்லை. ஆகவே நான்கு வகைகளையும் எடைபோடும்போது, அந்தந்த வகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நம்பிக்கையையும் சேர்த்தே பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

கடையில் எல்லோரும் பார்ப்பது பளபளப்பையும் விலையையும். அவற்றை விட்டுவிட்டு வேறு ஐந்தைப் பாருங்கள்.

வீட்டில் வெட்டப்படுவது என்ன? பீன்ஸ், கேரட், தக்காளியோடு முடிந்துவிடுமா, பரங்கிக்காயும் சேனைக்கிழங்கும் வாழைத்தண்டும் உண்டா? மீன் முழுசாக வீட்டுக்கு வருமா, கடையிலேயே துண்டு போட்டு வாங்குவீர்களா?

வெட்டுகிறவரின் உடம்பும் பழக்கமும் எப்படி? தரையில் உட்கார்ந்து எழ முடியுமா? மேடையில் பலகை வைத்து நின்றபடி நறுக்குவாரா? அல்லது காயைக் கையிலேயே பிடித்துக் கட்டைவிரலை நோக்கி நறுக்குவாரா? நம் வீடுகளில் இந்தக் கடைசி வகை ஆட்கள் ஏராளம். கத்தி விளம்பரங்களில் அவர்களை நான் பார்த்ததே இல்லை.

துருவும் கறையும் எவ்வளவு தொந்தரவு? புளிப்பும் துவர்ப்பும் நமக்குத் தினசரி விஷயம்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தவழும் குழந்தை, கண் மங்கிய பெரியவர், பாத்திரங்களோடு கத்தியையும் போட்டு ஊறவைப்பவர் என்று ஒவ்வொருவரும் கணக்கில் வரவேண்டும்.

கடைசியாக, கூர் போன பிறகு யார் தீட்டுவது? எனக்கு இதுதான் மற்ற நான்கையும் விட முக்கியம். நூறு ரூபாய்க் கத்தியும் மழுங்கும், பத்தாயிரம் ரூபாய்க் கத்தியும் மழுங்கும். விலைச் சீட்டில் வராத செலவு முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு வகையாகப் போகுமுன் கூரைப் பற்றி ஒரு வார்த்தை. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும். அழுத்தம் கூடினால், தக்காளித் தோலிலோ வெங்காய முதுகிலோ அலகு வழுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் விரலில் இறங்கும். கூரான கத்தி வைத்த இடத்தில் கடிக்கும், திசை மாறாது. ஆனாலும் "கூர்தான் பாதுகாப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் எனக்கு மனமில்லை. வருஷக்கணக்கில் மொட்டைக் கத்தியோடு மல்லுக்கட்டிப் பழகிய கை, புதிதாகத் தீட்டிய கத்தியிலும் அதே அழுத்தத்தைத்தான் கொடுக்கும். முதல் வாரத்தில் விரல் வெட்டுப்படாத வீட்டை நான் பார்த்ததில்லை. தீட்டிக் கொடுத்த எல்லோரிடமும், "ஒரு வாரம் மெதுவா நறுக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

## அரிவாள்மனை

எழுத்தில் அரிவாள்மனை, வாயில் அருவாமனை. வங்காளத்தில் 'போட்டி', ஆந்திரத்தில் 'கத்திபீட்ட', கர்நாடகத்தில் 'ஈளிகெ மணெ' என்று இதன் உறவுக்காரர்கள் நிறைய. கத்தியைக் காயின் மேல் ஓட்டுவதற்குப் பதில், நிற்கும் அலகில் காயை ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் பொது.

பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் இதன் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிப்பதில்லை. காலால் மனையை மிதித்துக்கொண்டால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கும். பரங்கிக்காய்க் கீற்றை இரு கையாலும் பிடித்து உடம்பின் பலத்தோடு அலகில் தள்ளலாம். பலாக்காய், சேனை, வாழைத்தண்டு எல்லாம் பணிந்து போகும். மீன் சந்தையில் வழுக்கும் மீனை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற அலகில் செலுத்தித் துண்டு போடுகிறவர்களின் வேகத்தை நின்று பார்த்திருப்பீர்கள். நுனியில் தேங்காய் துருவும் பல்லும் சேர்ந்திருந்தால் இன்னொரு சாமான் வாங்கும் செலவு மிச்சம்.

இன்னொரு நன்மை, நானே தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அரிவாள்மனையின் கூர் எதன்மீதும் மோதுவதில்லை. பலகை கிடையாது. காய் அலகைத் தாண்டியதும் தட்டில் விழுகிறது, அவ்வளவுதான். கையில் பிடிக்கும் கத்தியோ ஒவ்வொரு வெட்டிலும் பலகையில் போய் இடிக்கிறது, அங்கேதான் பாதிக் கூர் போகிறது. அம்மாவின் அருவாமனை தீபாவளிக்கு ஒரு முறை சாணை பிடித்தால் அடுத்த தீபாவளி வரை ஓடுவதன் ரகசியம் அந்தக் கால இரும்பு என்றுதான் அம்மா சொல்வார். இரும்பில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. இடிபடாத விளிம்பு நாள்படக் கூராக இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு வேறு பக்கம் இருக்கிறது. ஒன்று, முழங்கால். அம்மாவே இப்போது, "கீழ உக்காந்துடுவேன், எழுப்பிவிட ஆள் வேணும்" என்கிறார். மேடையில் திருகி மாட்டும் வகை உண்டு. ஆனால் காலால் மிதிக்கும் பிடிமானம் அதில் வராது, திருகு தளர்ந்தால் மனையோடு ஆடும். இரண்டு, அலகு எப்போதும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் வேலை முடிந்த நொடியே அலகை மடக்கவோ மனையைப் படுக்கவைக்கவோ வேண்டும். போன் அடித்தது, கதவு தட்டினார்கள் என்று எழுந்து போவதெல்லாம் நடக்காது. மூன்று, அலகின் வளைந்த வாய் தட்டையான தீட்டுகல்லில் உட்காராது. சாணைக்காரரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

தரையில் உட்கார முடிந்தவர், பெரிய காய்களும் முழு மீனும் புழங்கும் வீடு, குழந்தைகள் வளர்ந்துவிட்ட குடும்பம் என்றால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. நாலு பீன்ஸை நறுக்கி மேகி செய்யப்போகும் ஒற்றை ஆளுக்கு இது வேண்டாம். அம்மா மன்னிக்கட்டும்.

## இரும்புக் கத்தி

நாம் இரும்புக் கத்தி என்று சொன்னாலும் அது வெறும் இரும்பு இல்லை, கரி கலந்த எஃகு. நல்ல கத்திக்கு நூற்றில் அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை கரி இருக்கும். ஊர்ப் பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். கேட்டால் சிலருக்கு முகம் சுளிக்கும், "பழைய லாரிப் பட்டையா?" என்று. ஸ்பிரிங் எஃகு கத்திக்குப் பொருத்தமான எஃகுதான். வளைந்தாலும் ஒடியாது, பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டால், அதாவது முக்கிச் சட்டென்று குளிரவைத்தால், நன்றாகக் கெட்டிப்படும். பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம் வருவது அந்தத் தோய்ச்சலில்தான். கொல்லரின் கண்ணும் கையும் சரியாக இருந்தால் கத்தி பேசும். அவசரத்தில் முக்கி எடுத்தால் ஒன்று விளிம்பு மடங்கும், இல்லை உதிரும்.

இந்த வகையின் பெரிய பலம் தீட்டுவது சுலபம் என்பது. சாதாரணக் கல்லில் பத்துத் தேய்ப்பில் கூர் திரும்பி வரும். துரு பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் அது எல்லோரும் பயப்படும் அளவு பெரிய பிரச்சினை இல்லை. வெட்டினோம், கழுவினோம், உடனே துடைத்தோம் என்றால் துரு வராது. நாளாக ஆக அலகில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம் ஏறும். அது துருவில்லை, துருவைத் தடுக்கும் மேல்தோல். அதைப் போய்ச் செங்கல் தூள் போட்டுப் பளபளவென்று தேய்க்கிறவர்கள், புதுத்துருவுக்கு வழிவிடுகிறார்கள். செங்கல் தூளைச் சிவப்புத் துருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கறுத்த படலத்தைத் தொடாதீர்கள்.

சிக்கல் சமையலில் வருகிறது. வாழைப்பூ, வாழைக்காய், நெல்லிக்காய் போன்ற துவர்ப்புள்ள காய்களில் டானின் இருக்கிறது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு மை. பழங்காலத்தில் எழுத்து மையே இந்த முறையில்தான் செய்தார்கள். ஆகவே இரும்புக் கத்தியில் அரிந்த வாழைப்பூ மோரில் போட்டாலும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். எலுமிச்சையும் மாங்காயும் அலகையே அரிக்கும், இரும்பு வாசம் ஊறுகாயில் ஏறும். அலகில் படலம் ஏறிய பிறகு இதெல்லாம் குறையும், முழுசாக நிற்காது.

"இரும்புக் கத்தியில நறுக்கினா உடம்புக்கு இரும்புச்சத்து" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு அரைமணி நேரம் கொதிப்பது வேறு, அலகு காயை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போவது வேறு. அந்தக் கணக்கில் கத்தி வாங்க வேண்டாம்.

தீட்டுவதில் ஆர்வமுள்ளவர், துடைத்து வைக்கும் ஒழுக்கம் உள்ளவர், இறைச்சி அதிகம் வெட்டுகிறவர் இதை வாங்கலாம். பாத்திரம் கழுவ ஆள் வரும் வீட்டில் ஒரே மாதத்தில் சிவந்துபோகும். அது கழுவுகிறவரின் தப்பில்லை. அந்த வீட்டுக்கு ஒத்து வராத கத்தியை வாங்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

## ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது அவர் கைக்கு வந்த எஃகு இது. கத்தி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் கத்தி செய்தும் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சரியாக வெட்டவில்லை, 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனுஷன்' என்று அவரைக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் கூர் நிற்காது என்ற பேச்சு அன்றிலிருந்தே தொடர்கிறது. அன்றைக்கு அது ஓரளவு நியாயம். இன்றைக்கு எந்த ரகம், எப்படிச் சூடுகாட்டினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

துருவாமல் காப்பது குரோமியம். நூற்றில் பத்தரைப் பங்குக்கு மேல் இருந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறினாலோ, ஊறுகாய் ஜாடியில் செருகி வைத்தாலோ அந்தப் படலமும் தோற்றுப்போகும், புள்ளி புள்ளியாகத் துரு விழும். "ஸ்டெயின்லெஸ்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் சிங்கைப் பாருங்கள்.

இனி காந்தம். எவர்சில்வர் பாத்திரக் கடையில் காந்தத்தை ஒட்டிப் பார்த்துப் பழகிய நாம், கத்தியிலும் அதையே செய்கிறோம். ஒட்டினால் போலி என்று வைத்துவிடுகிறோம். கத்தி விஷயத்தில் இது தலைகீழ். பாத்திரம் செய்யும் எவர்சில்வரில் நிக்கல் உண்டு. அது காந்தத்தில் ஒட்டாது, சூடுகாட்டிக் கெட்டிப்படுத்தவும் முடியாது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் எஃகு வேறு ரகம், அதைச் சூடுகாட்டிக் கெட்டிப்படுத்தலாம், காந்தத்தில் ஒட்டும். ஆக, காந்தம் ஒட்டாத சமையல் கத்திதான் சந்தேகத்துக்குரியது. பாத்திரத்திலும் இந்தச் சோதனை முழுசாக நம்பத்தக்கதல்ல. நிக்கல் குறைந்த மலிவு ரகங்களும் ஒட்டாமல் தப்பித்துவிடும்.

அடுத்த நம்பிக்கை, எஃகு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்பது. கெட்டித்தன்மையை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மானிய பாணிக் கத்திகள் 55-58, ஜப்பானியக் கத்திகள் பல 60-க்கு மேல். கெட்டி கூடினால் கூர் நாள்பட நிற்கும், கூடவே விளிம்பு உதிரும் பயமும் வரும். ஜப்பானியக் கத்தி எலும்பில்லாத மீனையும் காயையும் மெல்லிசாகச் சீவ உருவானது. அதை எடுத்து நாட்டுக்கோழியின் கால் எலும்பிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் போட்டால், விளிம்பில் பல் விழுந்த மாதிரி சிறுசிறு பள்ளங்கள். நம் சமையலுக்கு 55-58 போதும், உண்மையில் அதுதான் சௌகரியம். மழுங்கினாலும் மடங்கத்தான் செய்யும், உதிராது. மடங்கியதை நிமிர்த்துவது சுலபம்.

கையில் பிடித்து நறுக்குகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்களுக்குப் பெரிய சமையல்காரர் கத்தி வேண்டாம். விரல் நீள அலகும் பிளாஸ்டிக் பிடியும் உள்ள, எந்தப் பாத்திரக் கடையிலும் தொங்கும் மலிவான சின்னக் கத்திதான் உங்கள் பழக்கத்துக்குச் சரி. அதை மட்டமாக நினைக்காதீர்கள். மெல்லிய அலகு, எடையில்லை, கட்டைவிரலுக்குக் கட்டுப்படும். என் வீட்டில் அதிகம் உழைப்பதும் அதுதான். பெரிய கத்தியைப் பலகையில் வைத்துத்தான் புழங்க வேண்டும். அந்த எடையைக் கட்டைவிரலை நோக்கி இழுத்தால் கட்டுப்போட ஆள் தேட வேண்டிவரும்.

ரம்பப் பல் வைத்த கத்தி தீட்டாமலே ஓடும் என்பதும் பாதி உண்மை. பற்களின் நுனிதான் தேய்கிறது, பள்ளங்கள் தேய நாளாகும், அதனால் மழுங்கியது தெரிவதில்லை. தெரியும்போது வீட்டில் தீட்ட வழியில்லை. ரொட்டிக்கும் தக்காளிக்கும் ஒன்று இருக்கட்டும்.

## பீங்கான் கத்தி

நிறம் நிறமாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் பலர் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதன் விளிம்பு புதிதில் எஃகுக்குச் சளைக்காமல் வெட்டும்.

நாம் டீ குடிக்கும் பீங்கான் இல்லை இது, சிர்கோனியா என்ற வேறு வகை செராமிக். எஃகை விட மிகவும் கெட்டி, அதனால் கூர் நிஜமாகவே நீண்ட நாள் நிற்கிறது. துரு கிடையாது, எலுமிச்சையோ வாழைப்பூவோ இதோடு வினைபுரியாது, எடையே தெரியாது. பழம், வெள்ளரி, தக்காளி, வாழைக்காய் சிப்ஸ் என்றால் பிரமாதம்.

நாள்பட நிற்கும் என்பது போகவே போகாது என்று மாறியதில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாத அளவில் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் தக்காளி நசுங்கும்போது தெரியும். அப்போது வீட்டுத் தீட்டுகல் உதவாது, வைரத்தூள் பதித்த தீட்டி வேண்டும். அதை வாங்கும் காசுக்கு இன்னொரு கத்தியே வரும். அப்புறம், பக்கவாட்டில் திருப்பினால் ஒடியும். தேங்காய்ப் பத்தையைச் சிரட்டையிலிருந்து நெம்புவது, கத்தியின் பக்கத்தால் பூண்டை நசுக்குவது, பிரீசரிலிருந்து எடுத்த இறைச்சியை வெட்டுவது எல்லாம் இதற்கு ஆகாது. கிரானைட் மேடையிலிருந்து டைல்ஸ் தரைக்கு ஒரு முறை நழுவினால் நுனி போய்விடும். என்னுடையது அப்படித்தான் போனது. வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை.

இரண்டாவது கத்தியாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே கத்தி என்றால் இது வேண்டாம்.

## டமாஸ்கஸ், ஆறு கத்தி செட்

வரி ஓடிய கத்தியைப் பற்றிச் சுருக்கமாக. பழைய டமாஸ்கஸ் வாள்களின் பெருமைக்குப் பின்னால் தென்னிந்தியாவின் மூசை உருக்கு இருந்தது. மூடிய மண் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் குடுவையில், இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்கிய கட்டிகள் கடல் கடந்து மேற்கே போயின. நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதிய அந்த எஃகை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேகூட ஆராய்ந்தார். அந்த உருக்கில் வரி உள்ளிருந்தே விளைந்தது.

இன்று கடையில் அதே பெயரில் கிடைப்பது வேறு சமாச்சாரம். இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்டி, மடித்து, அமிலத்தில் தோய்த்து வரியை வெளிக்கொண்டு வருகிறார்கள். மலிவானவற்றில் வரியை லேசரால் வரைந்தே விடுகிறார்கள். நல்ல கத்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெட்டுவது நடுவிலுள்ள எஃகு, வரி இல்லை. நம் ஊர்ப் பெருமை என்று உணர்ச்சிவசப்பட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

செட் வாங்குவது பற்றி: ஆறில் இரண்டைத்தான் தொடுவீர்கள். மீதி நாலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள்.

## ஒரே பார்வையில்

| | அரிவாள்மனை | இரும்புக் கத்தி | ஸ்டெயின்லெஸ் | பீங்கான் |
|---|---|---|---|---|
| பலம் | பெரிய காய், முழு மீன், தேங்காய்த் துருவல் | இறைச்சி, துவர்ப்பும் புளிப்பும் இல்லாத காய் | எல்லா அன்றாட வேலையும் | பழம், மென்மையான காய் |
| ஆகாதது | மிகப் பொடியாக நறுக்குவது | வாழைப்பூ, நெல்லி, ஊறுகாய் மாங்காய் | மலிவான மெல்லிய கத்தி என்றால் எலும்பு | எலும்பு, தேங்காய், உறைந்த எதுவும் |
| கூர் நிற்பது | நீண்ட நாள் | நடுத்தரம் | ரகத்தைப் பொறுத்தது | மிக நீண்ட நாள் |
| தீட்டுவது | சாணைக்காரர் | வீட்டிலேயே, சுலபம் | வீட்டிலேயே, சற்றுப் பொறுமை வேண்டும் | வைரத் தீட்டி மட்டும் |
| துரு | துடைக்காவிட்டால் வரும் | துடைக்காவிட்டால் வரும் | ஊறவைத்தால் புள்ளி விழும் | இல்லை |
| விலைச் சீட்டில் இல்லாதது | முழங்கால், குழந்தை மேல் கண் | தினமும் துடைக்கும் வேலை | பலகை, தீட்டுகல் | கை தவறினால் புதுக் கத்தி |

## தீட்டும் செலவு

மேலே திரும்பத் திரும்ப வந்த விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கத்தி செட்டோடு வரும் நீளமான உலோகக் கோல் கத்தியைத் தீட்டுவதில்லை. வெட்ட வெட்ட விளிம்பு ஒரு பக்கமாக மடங்கும், அதை நிமிர்த்துவது மட்டுமே அந்தக் கோலின் வேலை. நிமிர்த்த விளிம்பே இல்லாமல் உருண்டுபோன கத்தியைக் கோலில் எத்தனை முறை இழுத்தாலும் சத்தம்தான் மிச்சம். அப்போது கல்தான் வேண்டும்.

பழைய வீடுகளில் அம்மிக்கல் ஓரத்திலோ வாசல்படியிலோ நாலு இழுப்பு இழுப்பார்கள். அந்தக் கல் சொரசொரப்பானது. விளிம்பு ரம்பம் மாதிரி ஆகி ரெண்டு நாள் கடிக்கும், பிறகு பழைய கதை. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள மெருகு பூசாத வளையம் அதைவிடப் பரவாயில்லை. முறையாகச் செய்வதென்றால் 1000 எண் கல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் 400 எண் கல். 6000 எண் கல்லெல்லாம் என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு.

கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. பாகைமானி தேட வேண்டாம். காகிதத்தின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடித்தால் 22.5 டிகிரி வரும், அதைவிட ஒரு மயிரிழை படுக்கவைத்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் தேய்த்ததும் எதிர்ப் பக்கத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள். கூரைக் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காமல், செய்தித்தாள் ஒன்றை நறுக்கிப் பாருங்கள்.

சாணைக்காரரிடம் கொடுப்பதென்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். மோட்டார் சாணையில் தண்ணீர் இல்லாமல் அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலமாகும். அந்த நீலம் வந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, இனி அங்கே கூர் நிற்காது. தெருவில் வந்த ஒருவரிடம், "அண்ணே, நடுவுல நடுவுல தண்ணில முக்கிக்குங்க" என்றேன். "முப்பது வருஷமா பிடிக்கிறேன் தம்பி" என்றவர், ஆனாலும் முக்கித்தான் கொடுத்தார். சைக்கிளை மிதித்துச் சாணை பிடிக்கும் பழைய ஆட்களிடம் இந்தப் பயம் குறைவு, சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுற்றாது.

பலகை மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். கண்ணாடிப் பலகை சுத்தமாகத் தெரியும், கத்திக்கு எமன். கிரானைட் மேடையில் நேரடியாக நறுக்குவதும் எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குவதும் அதே ரகம். மரத்தில் கிருமி தங்கும் என்று பயப்படுகிறவர்கள் கழுவிச் செங்குத்தாக நிறுத்திக் காயவிட்டால் போதும். கோடு கோடாகக் கீறிப்போன பிளாஸ்டிக் பலகையைத்தான் சுத்தம் செய்வது கஷ்டம். பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை எப்படியும் வேண்டும்.

## யாருக்கு எது

தனியாகவோ ஜோடியாகவோ வாடகை வீட்டில், நின்றபடி சமைக்கிறவர்களுக்கு: காந்தம் ஒட்டும் நடுத்தர ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்று, சாண் நீள அலகோடு. சின்னக் கத்தி ஒன்று. 1000 எண் கல், மரப்பலகை. நாலும் சேர்ந்தும் அந்த ஆறு கத்தி செட்டின் விலை ஆகாது. தங்கை மகளுக்கு இதைத்தான் சொன்னேன். கல் எதுக்கு மாமா என்றாள். கல்லை வாங்கவில்லை என்றால் கத்தியையும் வாங்காதே என்றேன்.

கூட்டுக் குடும்பம், பெரிய சமையல், தரையில் உட்காரும் ஒருவராவது உண்டு என்றால் அரிவாள்மனையைப் பரணிலிருந்து இறக்குங்கள். கூட ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் கத்தி.

விரல்களில் வலியோ பலக்குறைவோ உள்ள பெரியவர்களுக்குப் பெரிய மழுங்கல் கத்திதான் பெரிய எதிரி. எடை குறைந்த சின்னக் கத்தியை மாதம் ஒரு முறை யாராவது தீட்டிக் கொடுக்க வேண்டும். காய் மென்மையானது மட்டும் என்றால் பீங்கானும் சரிவரும்.

மீனும் கறியும் முழுசாக வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்களுக்குக் கனமான இரும்புக் கத்தி, பட்டறையில் நேரில் பார்த்து. பிடி ஆடுகிறதா, அலகு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எலும்பு வெட்டும் கத்தியில் காய் நறுக்காதீர்கள், அதன் விளிம்பு தடியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

புதுக் கத்தி வந்ததும் பழையதைக் குப்பையில் போடுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். இரும்பும் எஃகும் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். உடைந்த பீங்கான் கத்தியை அவர்கள் வாங்க மாட்டார்கள், அது குப்பைக்குத்தான் போகும். அட்டையில் நாலு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிதாகக் 'கத்தி' என்று எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் தனியாகக் கையில் கொடுங்கள்.